அந்தோணியாருக்கு எழுதிவைத்த வீடு

அனுப்புநர்:
திருமதி ஜூலியானா வின்சென்ட்,
27, லோரோங் செம்பாக்கா,
புலாவ் தீக்குஸ், 10350 ஜார்ஜ் டவுன், பினாங்கு.

பெறுநர்:
தலைமை அதிகாரி அவர்கள்,
அறக்கட்டளை, வாரிசுச் சொத்து விவகாரப் பிரிவு,
ஜார்ஜ் டவுன், பினாங்கு.

பொருள்: என் கணவர் அமரர் வின்சென்ட் ஏற்படுத்திய குடும்ப அறக்கட்டளை; உயில் எழுதும் தனியார் நிறுவனம் ஒன்றின் நடத்தை குறித்த புகார்; புதிய பத்திரத்தில் கையெழுத்திடும் நாளை மாற்றித் தரக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். புகார் மனு என்று தலைப்பிட்டாலும், இதை எழுத உட்காரும்போது என் மனத்தில் கோபத்தைவிட நிம்மதியே அதிகமாக இருக்கிறது என்பதை முதலிலேயே தெரிவித்துக்கொள்கிறேன். நான் ஆறாம் வகுப்போடு நின்றவள். பத்திர மொழியை நூலகத்திலிருந்தும் செய்தித்தாள்களிலிருந்தும் நானாகவே கற்றுக்கொண்டேன். பிழை இருந்தால் பொறுத்தருளவும்.

1. என் கணவர் பினாங்கு துறைமுகக் கிடங்கில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்களுக்கு இரண்டு பிள்ளைகள். மகள் பெவர்லி பிறை நகரில் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்கிறாள். புக்கிட் மெர்தாஜாமில் தன் குடும்பத்தோடு இருக்கிறாள். மூத்தவன் ரயன் என்னோடு இருக்கிறான். அவனுக்கு நாற்பது வயது கடந்துவிட்டது. பிறந்ததிலிருந்தே டவுன் சின்ட்ரோம். குளிப்பான், உடுத்துவான், தன் பெயரை எழுதுவான். பணத்தை எண்ணத் தெரியாது. தனியாகப் பேருந்து ஏறத் தெரியாது.

2. எங்களுக்கென்று இருப்பது இந்த ஒரு வீடுதான். முன்பக்கத்தைக் கடையாக வாடகைக்கு விட்டு, பின்பக்கத்திலும் மாடியிலும் குடியிருக்கிறோம். நாங்கள் இருவரும் போன பிறகு ரயனுக்கு இந்தக் கூரை இருக்குமா என்பதுதான் என் கணவரின் ஒரே கவலை. ஆகவே, உயிரோடு இருக்கும்போதே, உயில் எழுதும் தனியார் நிறுவனம் ஒன்றை அறங்காவலராக நியமித்து, வீட்டை ஓர் அறக்கட்டளையில் வைத்தார். வாடகையில் இரண்டு பங்கு ரயனின் பராமரிப்புக்கு, ஒரு பங்கு தர்மத்துக்கு. ரயனும் நானும் ஆயுள்வரை இங்கேயே குடியிருக்கலாம். எங்கள் காலத்துக்குப் பிறகு முழுவதும் தர்மத்துக்கு. எவரும் விற்க முடியாது. பெவர்லியையும் உட்காரவைத்துக் கேட்டார். “எனக்கு வீடு வேணாம்பா. ரயன் வெளிய நிக்காம இருந்தா போதும்” என்று சொன்னாள்.

3. அந்தத் தர்மம் எது என்பதை இங்கே விளக்க வேண்டியுள்ளது. எங்கள் வீட்டு முகப்பில் பதுவைப் புனித அந்தோணியாரின் சிறிய சுரூபம் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை தோறும் அவர் பெயரால் அங்கே ரொட்டி கொடுக்கிறோம். எங்கள் கல்யாணத்துக்கு முன்பே என் மாமியார் தொடங்கியது. கத்தோலிக்கர், இந்து, சீனர், முஸ்லிம் என்று பார்ப்பதில்லை. வருகிற யாருக்கும் உண்டு. கொடுப்பவன் ரயன். இந்த வேலையை அவன் பதின்ம வயதிலிருந்து செய்கிறான். செவ்வாய் காலையில் நான் எழுப்ப வேண்டியதே இல்லை. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நிற்பான். எங்கள் வீட்டில் இதற்கென்று எடுத்துவைக்கும் காசை எப்போதும் “அந்தோணியார் காசு” என்றே சொல்வோம். எனவே பத்திரம் எழுதும்போது, பயனாளி யார் என்ற இடத்தில் என் கணவர் சிறிதும் யோசிக்காமல் “புனித அந்தோணியார்” என்று எழுதி, முகவரியாக எங்கள் வீட்டு முகவரியையே கொடுத்துவிட்டார். சட்டப்படி அது தவறு என்று இப்போது அறிவேன். அன்று எங்களில் யாருக்கும் அது தவறாகத் தோன்றவில்லை. எழுதி வாங்கிய நிறுவனத்துக்கும் தோன்றவில்லை.

4. என் கணவர் கர்த்தருக்குள் நித்திரை அடைந்த சில மாதங்களில் அந்த நிறுவனத்திலிருந்து திரு. அந்தோணியார் பெயருக்கு ஒரு கடிதம் வந்தது. ஐசி என்னும் அடையாள அட்டையும் மின்கட்டண ரசீதும் எடுத்துக்கொண்டு நேரில் வரவேண்டும் என்று அதில் இருந்தது. நான் தொலைபேசியில் அழைத்தேன். பேசியவர் ஹாரிஸ் என்னும் இளைஞர். மரியாதையாகத்தான் பேசினார். “ஆன்ட்டி, அவரோட ஐசி நம்பர் இல்லாம சிஸ்டம் உள்ள விடாது லா. ஆள் உயிரோட இருக்காரா இல்லையா, அதையாவது சொல்லுங்க” என்றார். “அவரு செத்து எண்ணூறு வருசம் ஆச்சு தம்பி. ஆனா எங்க வாசல்லதான் இருக்காரு” என்று நான் உண்மையைச் சொன்னேன். அடுத்த கடிதத்தில் அவருடைய இறப்புச் சான்றிதழைக் கேட்டிருந்தார்கள்.

5. பக்கத்து வீட்டுத் திருநாவுக்கரசு அண்ணனிடம் அந்தக் கடிதத்தைக் காட்டினேன். “எங்க முருகனுக்கு எழுதி வச்சா கோயில் கமிட்டிதான் சண்டைக்கு வரும். உங்க ஆளுகிட்ட ஐசியே கேட்டுட்டாங்களா தங்கச்சி!” என்று சிரித்தார். நானும் சிரித்தேன். மூன்றாவது கடிதம் வந்தபோது இருவருக்கும் சிரிப்பு வரவில்லை.

6. என் புகார் அந்த மூன்றாவது கடிதத்தைப் பற்றியது. பயனாளியைக் கண்டுபிடிக்க முடியவில்லை, ஆகவே அறக்கட்டளை செல்லாமல் போகலாம், வீட்டை விற்று வாரிசுகள் பிரித்துக்கொள்வதே நல்லது என்று அதில் எழுதியிருந்தது. ரயனை ஓர் இல்லத்தில் சேர்த்துவிடலாம் என்று யோசனையும் சொல்லியிருந்தார்கள். கூடவே, வீடு விற்றுத் தரும் முகவர் ஒருவரின் அட்டையைக் குத்தி அனுப்பியிருந்தார்கள். வீட்டைக் காப்பதற்காக நாங்கள் யாரிடம் கட்டணம் கொடுத்தோமோ, அவர்களே அதை விற்பதற்கு ஆள் அனுப்புவது முறையா, ஐயா? இதுவரை யாரும் இந்த வாசலுக்கு வந்து அந்தோணியார் யார் என்று பார்க்கவில்லை. வந்திருந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும். நிறுவனத்தின் பெயரை இணைப்பில் தந்துள்ளேன்; இந்தத் தாளில் எழுத மனம் வரவில்லை.

7. அந்த நாட்களில் நான் இருந்த நிலையை அதிகம் எழுத விரும்பவில்லை. ரயனிடம் எதுவும் சொல்லவில்லை. பெவர்லி சனிக்கிழமை தோறும் கடற்பாலம் கடந்து வந்து, “நான் எதுலயும் கையெழுத்துப் போட மாட்டேன்மா, நீங்க சாப்பிடுங்க” என்று சொல்லிவிட்டுப் போவாள். ஜெபமாலை சொல்ல உட்கார்ந்தால் பாதியில் எந்த மணியில் இருக்கிறேன் என்பதே மறந்துவிடும்.

8. பிறகுதான் தங்கள் பிரிவுக்கு வந்தேன். அங்கே திருமதி காமினி அவர்கள் என் தாள்களை முழுவதும் படித்தார்கள். “அம்மா, உங்க வீட்டுக்காரர் யாருக்குக் கொடுக்க நினைச்சாருன்னு தெளிவா இருக்கு. ஏழைகளுக்கு. பேரு தப்பா போட்டதுக்காகத் தர்மம் செத்துப்போகாது. கோர்ட்ல திருத்தம் கேக்கலாம்” என்றார்கள். நான் அவர்களுடைய மேசையிலேயே தலையைக் கவிழ்த்து அழுதுவிட்டேன். அதற்காக மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

9. அதோடு நிற்காமல், ஒரு செவ்வாய்க்கிழமை அவர்களே நேரில் பார்வையிட வந்தார்கள். கையில் கோப்பு, கழுத்தில் அலுவலக அட்டை. நேராக என்னிடம் வரப் பார்த்தார்கள். ரயன் விடவில்லை. “அக்கா, லைன்ல நில்லுங்க. எல்லாருக்கும் உண்டு” என்றான். நான் பதறிப்போனேன். அவர்களோ மறுக்காமல், சந்தை வேலை முடிந்து வந்த ஒரு சீனப் பெரியவருக்குப் பின்னால் போய் நின்றார்கள். தன் முறை வந்ததும் ரொட்டியை வாங்கிக்கொண்டு, “இன்னொண்ணு கெடைக்குமா தம்பி?” என்று கேட்டார்கள். “ஒருத்தருக்கு ஒண்ணுதான். அடுத்த செவ்வாய் வாங்க” என்று அவன் சொல்லிவிட்டான். அந்த அறிக்கையில் அவர்கள் என்ன எழுதினார்கள் என்று எனக்குத் தெரியாது. அது நீதிமன்றத்துக்குப் போன பிறகு, யாரும் எங்களிடம் அந்தோணியாரின் அடையாள அட்டையைக் கேட்கவில்லை.

10. இறைவன் அருளாலும் தங்கள் பிரிவின் உதவியாலும் திருத்த உத்தரவு கிடைத்துவிட்டது. அந்த நிறுவனம் அறங்காவலர் பொறுப்பிலிருந்து விலகிவிட்டது. பெவர்லி, திருநாவுக்கரசு அண்ணன், எங்கள் பங்குத் தந்தை ஆகிய மூவரும் புதிய அறங்காவலர்கள். பயனாளி, எங்கள் தேவாலயப் பங்கின் ஏழையர் உதவிக் குழு. வாடகைக் கணக்கையும் ரொட்டிக் கணக்கையும் இத்தனை வருடம் போலவே நான் எழுதி, ஆண்டுதோறும் அவர்களிடம் ஒப்படைப்பேன். பத்திரத்தின் முகவுரையில் “புனித அந்தோணியார் பெயரால்” என்ற சொற்கள் இருக்கும் என்று திருமதி காமினி சொன்னார்கள். இனி அவர் எங்கும் நேரில் வரவேண்டியதில்லை. இப்போது நான் தூங்குகிறேன், ஐயா. ஜெபமாலையும் கடைசி மணிவரை போகிறது.

11. ஆகவே தங்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்வது:

அந்த நிறுவனத்தை அழைத்து விசாரித்து, அவர்களிடம் வரும் குடும்பங்களுக்கு வீடு விற்கும் முகவரின் அட்டையை அனுப்பக் கூடாது என்று எழுத்து மூலம் கண்டிக்க வேண்டுகிறேன். ஹாரிஸ் என்ற அந்த இளைஞர் மேல் எனக்கு வருத்தம் இல்லை, சொன்னதைச் செய்தவர். என்னைப் போன்றவர்களின் பத்திரத்தைத் தட்டச்சு செய்வதற்கு முன், அதில் இருக்கும் பெயர்கள் யாருடையவை என்று அவர்களுக்குப் புரிகிற மொழியில் ஒரு முறை கேட்கும்படி எல்லா நிறுவனங்களுக்கும் தாங்கள் அறிவுறுத்தினால் பெரிய உபகாரமாக இருக்கும்.

கடைசியாக, எனக்கு மிக முக்கியமான கோரிக்கை. புதிய பத்திரத்தில் கையெழுத்திட எங்களை ஜூன் 10 காலை வரச்சொல்லித் தங்கள் அலுவலகம் நாள் கொடுத்துள்ளது. ரயன் கையெழுத்துப் போடவேண்டிய அவசியம் சட்டப்படி இல்லை என்று அறிவேன். ஆனால் இது அவன் வீட்டைப் பற்றிய பத்திரம் என்று சொன்னதிலிருந்து, தானும் வரவேண்டும் என்கிறான். பழைய நாள்காட்டித் தாள்களின் பின்பக்கமெல்லாம் தன் பெயரை எழுதிப் பழகுகிறான். ஜூன் 10 செவ்வாய்க்கிழமை. நாளைச் சொன்னதும் அவன், “முடியாதும்மா. எனக்கு வேலை இருக்கு” என்றான். அவன் சொல்வது சரி. 13ஆம் தேதி வெள்ளி அந்தோணியார் திருநாள். அன்றும் அவனுக்கு வேலை. இடையில் புதனோ வியாழனோ, எந்த நேரமானாலும், ரயன் தன் வேலைக்கு விடுப்பு எடுக்கத் தேவையில்லாத ஒரு நாளாகக் கொடுத்தால் நாங்கள் எல்லோரும் வந்து சேருவோம். தாங்கள் செவ்வாய்க்கிழமை எங்கள் பக்கம் வர நேர்ந்தால், வரிசையில் தங்களுக்கும் இடம் உண்டு.

இந்த வீடு நிலைக்கும்வரை தங்கள் பிரிவில் உள்ள எல்லோருக்காகவும் எங்கள் வாசலில் ஜெபம் உண்டு.

இடம்: ஜார்ஜ் டவுன், பினாங்கு
நாள்: 26 மே 2025

தங்கள் உண்மையுள்ள,
ஜூலியானா வின்சென்ட்

உடன், தன் கையாலேயே எழுதியது:
ரயன்

இணைப்பு: நிறுவனத்தின் மூன்று கடிதங்களின் நகல், முகவரின் அட்டை, திருத்த உத்தரவின் நகல்.