நடுவில் இல்லாத பக்கம்

ஏனுங்க,

தாராபுரத்தில் வெயில் தாங்கவில்லை. அம்மா இன்னும் கொஞ்ச நாள் இரு என்கிறார். கார் வாங்க வைத்திருந்த பணத்தை ஒரு பழைய காமிக்ஸ் புத்தகத்துக்குக் கொடுத்தீர்களே, அதைப் பற்றி நான் எழுதப்போவதில்லை.

நம் குட்டி இலக்கியா போனில் எல்லாம் சொன்னாள். என்னைத் தேடி அழுதவளுக்குக் கதை படிக்க, அந்தப் புத்தகத்தை உள்ளே வைத்து ஒட்டி வந்த பிளாஸ்டிக் பெட்டியை வெட்டித் திறந்தீர்களாம். திறந்தால் பாதி விலைகூடத் தேறாது என்று என்னைத் தொடவிடாதவர் நீங்கள்!

அட்டை புதுசு போலவே இருந்ததாம். உள்ளே நடுத்தாளைக் காணோமாம். நீங்கள் கத்தியிருப்பீர்கள் என்று நினைத்து, அவளிடமே கேட்டேன்.

"இல்லீங்மா, அப்பா அந்தப் பக்கத்தையும் படிச்சாருங்க. திருடன் நம்ம ஊட்டு மொட்டைமாடிலதான் ஒளிஞ்சிருக்கானாமா!" என்று சிரிக்கிறாள்.

மறுபடி ஒட்டி, வேறு யார் தலையிலாவது கட்டியிருக்கலாம். நீங்களோ படம் எடுத்து, ஏமாந்த கதையை உங்கள் காமிக்ஸ் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டீர்களாம், மற்றவர்கள் உஷாராக இருக்கட்டும் என்று. அந்த மனசு எத்தனை பேருக்கு வரும்?

சனிக்கிழமை காலையில் பஸ் ஏறுகிறேன். இல்லாத அந்தப் பக்கத்தை எனக்கும் ஒருமுறை படித்துக் காட்டுங்கள்.

உங்கள் அம்மணி