வலிப்புக்குக் கொடுக்கும் குளிசை

2024 பெப்ரவரி 5, திங்கள்

ஒட்டுசுட்டானில் காலை பஸ் பிடித்து நானும் அக்காவும் வவுனியா கிளினிக்குக்குப் போனோம். நான் பாரிசிலிருந்து வந்து மூன்று கிழமை. "தம்பிக்கு வயிற்றுப்புண்" என்றுதான் அக்கா ஊருக்குச் சொல்லி வைத்திருக்கிறார்.

எத்தனை வருடமாகக் கொகெயின் எடுக்கிறேன் என்று டொக்டர் அம்மா கேட்டார். ஆறு என்றேன். அக்கா நிலத்தைப் பார்த்தார். அவருக்கு இரண்டு என்று சொல்லியிருந்தேன்.

"ஒரு ஊசியைப் போட்டு இதை நிப்பாட்டேலாதோ டொக்டர்?" என்று அக்கா கேட்டார்.

"கொகெயினுக்கெண்டு ஒரு மருந்து இன்னும் இல்லை அம்மா. வேற வருத்தங்களுக்குக் குடுக்கிற சில மருந்துகள் கொஞ்சப் பேருக்கு அந்த ஆசையைக் குறைக்குது. எல்லாருக்கும் இல்லை. இது வலிப்புக்குக் குடுக்கிற குளிசை. சின்ன அளவில தொடங்கிப் பாப்பம்." பிறகு என்னிடம், "செந்தூரன், கிழமைக்கு ஒருக்கா வந்து கதைக்கவும் வேணும். குளிசையை நீங்களா நிப்பாட்டக் கூடாது. தண்ணி நிறையக் குடியுங்கோ."

திரும்பி வரும்போது பஸ்ஸில் அக்கா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"ஆறு வருசமாடா?"

பெப்ரவரி 8, வியாழன்

குளிசை தொடங்கின பிறகு விரல் நுனி விறைக்கிறது. சந்திக் கடையில் சோடா குடித்தேன். இரும்பைக் கரைத்துக் குடித்தது போலிருந்தது.

பெப்ரவரி 14, புதன்

இன்று முழுக்க அந்தக் குசினி ஞாபகம்.

பாரிசில் லா சப்பலுக்குப் பக்கத்தில், நிலத்துக்குக் கீழே, யன்னலே இல்லாத சாப்பாட்டுக்கடைக் குசினி. நானும் என் சிநேகிதன் விதுசனும் எட்டு வருடம் பக்கத்தில் பக்கத்தில் நின்று காய்கறி வெட்டினோம். வெங்காயம் உரிக்கிற நேரம் அவன் முதலாளியைப் போலவே கண்ணைக் கசக்கி அழுவான். "தம்பியவை, என்னை ஒருத்தருக்கும் விளங்கேல்லை!" நான் சிரித்து விரலை வெட்டிக்கொண்ட தழும்பு இன்னும் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கடை பூட்டிய பிறகு, மிஞ்சின ஆட்டுக்கறிச் சட்டியைச் சுற்றி நின்றபடியே, அந்த நீளப் பிரெஞ்சுப் பாணைப் பிய்த்துத் தொட்டுத் தின்போம். வெளியே மொறுமொறு, உள்ளே பஞ்சு. அப்படி ஒரு பசி அதற்குப் பிறகு எனக்கு வந்ததேயில்லை.

தூளும் அங்கேதான் வந்தது. ஒரு கலியாண வீட்டுச் சமையல், இரண்டு நாள் நித்திரை இல்லை. விதுசன் சட்டி மூடியில் ஒரு கோடு போட்டுத் தந்தான். "ஒருக்கா மட்டும் மச்சான். முடிக்குமட்டும் நிக்கலாம்." நின்றோம். முந்நூறு பேருக்குச் சமைத்தோம்.

எனக்கு இப்போது எது வேண்டும்? அந்தச் சிரிப்பா, அந்தக் கோடா? பிரிக்கத் தெரியவில்லை. பாணை நினைத்தாலே மூக்குக்குள் அந்தக் கசப்பு வருகிறது.

பெப்ரவரி 20, செவ்வாய்

அளவைக் கூட்டியிருக்கிறார்கள். ஆசை குறைந்திருக்கிறது, அது உண்மை. நேற்று முழுநாளும் நான் அதை நினைக்கவில்லை என்பது பின்னேரம்தான் பிடிபட்டது.

ஆனால் சொற்கள் போகின்றன. அத்தானிடம் மண்வெட்டி கேட்கப் போய், "அந்த… அது…" என்று நின்றேன். அவரே எடுத்துத் தந்தார்.

பெப்ரவரி 24, சனி

என் மனைவி கஜனி பாரிசிலிருந்து போன் எடுத்தாள். மகளிடம் கொடுத்தாள்.

"அப்பா, பப்பியோனுக்குத் தமிழில என்ன?"

யதுர்ஷிகாவுக்குத் தமிழ் முழுக்க நான் சொல்லிக் கொடுத்தது. பள்ளிக்கூடம் போகும் வழியில், மெட்ரோவில், ஒவ்வொரு ஸ்டேசனுக்கும் ஒரு சொல். இன்று அந்தச் சொல் வரவில்லை. படம் கலர்ச் சிறகோடு கண்ணுக்குள் பறக்கிறது, பேர் இல்லை. "பூச்சி" என்றேன்.

"பூச்சியெண்டால் கரப்பொத்தான் அல்லோ அப்பா?" என்று சிரித்தாள்.

கஜனி போனை வாங்கினாள். "என்னப்பா, திரும்பவும் எடுத்தனீங்களோ?"

இல்லையடி! எடுக்கேல்லை! அதை விடத்தானே இந்தக் கோதாரிக் குளிசையைத் தின்னுறன்! – இதை அவளிடம் சொல்லவில்லை. இங்கேதான் எழுதுகிறேன்.

எல்லாம் மறந்துபோய்ச் சுகப்பட்டு என்ன செய்ய? அந்தக் குசினியும் மறந்து போகுமோ? விதுசனின் அழுகையும்? – வேண்டாம். நிப்பாட்டப் போறன்.

பெப்ரவரி 28, புதன்

நான்கு நாளாகக் குளிசை எடுக்கவில்லை. அக்காவுக்குத் தெரியாது.

வண்ணாத்திப்பூச்சி. வந்துவிட்டது. தூள் ஆசையும் வந்துவிட்டது.

மார்ச் 4, திங்கள்

நடந்ததை அப்படியே எழுத வேண்டும்.

விதுசன் பாரிசிலிருந்து லீவில் பக்கத்து ஊரான தண்ணீரூற்றுக்கு, தாயிடம் வந்திருக்கிறான். நேற்று மத்தியானம் வாடகை வான் பிடித்து வந்து என்னைக் குளக்கட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனான். நன்றாக மெலிந்திருந்தான். முன்பல் ஒன்று இல்லை. ஆனால் முதலாளியின் அழுகையை அழுது காட்டினானே – வயிறு நோகச் சிரித்தேன். பிறகு பேர்சிலிருந்து ஒரு மடித்த கடதாசியை எடுத்தான். கொழும்பில் வாங்கியதாம்.

"பழைய நாளுக்காக மச்சான்."

எடுத்தேன்.

சிரிப்பு அரைமணித்தியாலம்கூட நிற்கவில்லை. அவன் சொல்வதை நான் கேட்கவில்லை, நான் சொல்வதை அவன் கேட்கவில்லை. அந்தக் கலியாண வீட்டுக் கதையையே மூன்றாம் தரம் சொன்னான். குசினியில் நாங்கள் இப்படியா இருந்தோம்? அல்லது அங்கேயும் இப்படித்தானா?

போனைப் பார்த்தேன். கஜனி பதினொரு தடவை எடுத்திருக்கிறாள். நேற்று யதுர்ஷிகாவின் எட்டாவது பிறந்தநாள். கேக்கை வெட்டாமல் எனக்காகக் காத்திருந்திருக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்து அக்காவிடம் எல்லாம் சொன்னேன், குளிசையை நிறுத்தியதையும். அக்கா அழுதார். அதிகம் கதைக்காத அத்தான் எழும்பிப் போய் மோட்டார் சைக்கிளைத் துடைத்தார். "நாளைக்குப் பஸ் வேண்டாம். நான் கொண்டுபோறன்."

இன்று டொக்டர் ஏசவில்லை. "சொல்லு மறக்குதெண்டு ஏன் எனக்குச் சொல்லேல்லை? அளவைக் குறைச்சு மெல்ல மெல்லக் கூட்டியிருக்கலாம். சட்டெண்டு விட்டதால வலிப்பே வந்திருக்கலாம்." பிறகு விதுசனைப் பற்றி, "அவரோட இப்போதைக்குக் கதைக்க வேண்டாம்."

"அவன் என்ர சிநேகிதன், டொக்டர்."

"தெரியும். அதாலதான் சொல்லுறன்."

ஏப்ரல் 30, செவ்வாய்

குறைந்த அளவுக் குளிசையோடு, தூள் தொடாமல் ஐம்பத்தெட்டு நாள். இன்று சொதிக்குப் புளி பிழிய நின்று 'தேசிக்காய்' என்ற சொல் வரக் கொஞ்ச நேரம் எடுத்தது. அக்கா சொல்லித் தராமல் பொறுத்திருந்தார். வந்தது.

ஜூலை 22, திங்கள்

மத்தியானம் விதுசன் பாரிசிலிருந்து போன் எடுத்தான். எடுப்பதா விடுவதா என்று யோசித்து, அக்காவுக்குக் காட்டிவிட்டு எடுத்தேன்.

அவன் பழைய கதை எதுவும் சொல்லவில்லை.

"மச்சான், அந்தக் குளிசையின்ர பேர் என்ன?"

"டொபிரமேற். கடையில கேட்டு வாங்கிப் போட்டிடாதை. எனக்குச் சரிவந்தது உனக்குச் சரிவருமெண்டு இல்லை. டொக்டரிட்டப் போ."

"போய் என்னெண்டு சொல்லுறது? எனக்கு அவ்வளவு பிரெஞ்சு வராதடா."

அவனை லைனில் நிற்கச் சொல்லிவிட்டுக் கஜனிக்கு எடுத்தேன். அவனுடைய பேரைச் சொன்னதும் ஏசுவாள் என்று நினைத்தேன். அவனோடு டொக்டரிடம் போய்க் கதைக்கிறியா என்று கேட்டேன்.

"ஓமப்பா. நான் கூட்டிக்கொண்டு போறன். வியாழக்கிழமை எனக்கு லீவு."

போனை வைக்கப் போனேன்.

"இஞ்சேருங்கோ," என்றாள். "நீங்கள் எப்ப வாறியள்?"

நான் இங்கே வந்து ஆறு மாதத்தில் அவள் இதைக் கேட்டது இன்றுதான்.