நீலத்தில் என் விரல்

2006, ஐப்பசி, வியாழன் இரவு.

இன்று ஒரு பொய் சொன்னேன்.

எங்கள் பட்டறையில், பனியன் துணி பின்னும் நிட்டிங் மெஷினில் சுற்றும் அலுமினியச் சக்கரங்களுக்கு நீல நிறம் ஏற்றுகிறோம். ஆசிட் தொட்டியிலிருந்து எடுத்து அலசியபின், சாயத்தில் இறக்கும்வரை வெறுங்கை படக் கூடாது. பட்ட இடத்தில் சாயம் பிடிக்காது. ஆனால் இன்று கையில் எடுத்த ஒரு சக்கரம் மழைக்கு முந்தைய வானம்போல மங்கலாக இருந்தது. கையுறையைக் கழற்றிவிட்டுக் கட்டைவிரலை மெல்ல வைத்தேன்.

சாயத்திலிருந்து வெளியே வந்தபோது, நீலத்தின் நடுவே என் ரேகை வெளுப்பாக நின்றது.

“யாருங்க இதுல கை வெச்சது?” என்றார் சூப்பர்வைசர் அண்ணன்.

“நாந்தானுங்ண்ணா. தெரியாமப் பட்டுருச்சு.”

அவர் சக்கரத்தைத் திருப்பிப் பார்த்தார். “அடிப்பக்கந்தான், மாட்டுனா வெளிய தெரியாது. கொதிதண்ணில போட்டுரும்மா, சாயம் நின்னுக்கும்.”

போட்டேன். இனி அந்த ரேகையைத் துடைத்து எடுக்க முடியாது.

இங்கே வருமுன் பனியன் கம்பெனியில் ஆறு வருடம் நூல் பிசிறு வெட்டினேன். எத்தனையோ பனியன்கள் கப்பலேறின. ஒன்றில்கூட நான் இல்லை.

இனி எங்கோ ஒரு மெஷினில், ஓடும் நூலுக்குப் பக்கத்தில், என் விரல் சுற்றிக்கொண்டே இருக்கும். படுத்தபடி கட்டைவிரலைத் தடவிப் பார்க்கிறேன். அது இங்கே இருப்பதாகவே தோன்றவில்லை.