தைப்பூச இரவில் ஒரு சரக்கு ரயில்

பிரிக்ஃபீல்ட்ஸ்,
ஞாயிறு மாலை.

அன்பு வலேரிக்கு,

உன் மார்வின் எழுதுவது. மாதா புண்ணியத்தில் நானும் ஜோவினாவும் சுகம். உன் சளி எப்படி இருக்கிறது? என் ஆபீஸ் நண்பன் பர்வேஸ் நாளை நெதர்லாந்துக்கு விமானம் ஏறுகிறான். அவன் கையில் இந்தக் கடிதமும் மீன் மசாலாத் தூளும் வரும். நானே வறுத்து அரைத்தேன் என்று நினைத்துப் பாராட்டிவிடாதே, கடையில் வாங்கியது.

கையில் போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று கேட்பாய். வெள்ளிக்கிழமை அழுதுகொண்டே, "வான்னு ஒரு வார்த்தை சொல்லு மார்வின், பிஎச்டியாவது மண்ணாவது, எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டு வந்துடறேன்" என்றாய். யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். போனில் பதில் சொன்னால் வாய் ஒன்று சொல்லும், குரல் வேறொன்று சொல்லும். நீ குரலைத்தான் நம்புவாய். எழுத்தில் அந்த வம்பு இல்லை.

உன் மகள் ஜோவினாவுக்கு முன்பல் விழுந்துவிட்டது. சிரித்தால் அப்படியே நம் பொக்கைவாய் செமினி மாமாதான். அம்மாவுக்கு என்ன வேலை என்று கிண்டர்கார்டனில் கேட்டார்களாம். "எங்கம்மா ரயிலுக்கு யோசிக்கச் சொல்லித் தர்றாங்க டீச்சர்" என்றாளாம் இவள். இத்தனை வருடம் நீ எனக்கு விளக்கியதைவிட இது தெளிவாக இருக்கிறது, போ! என் அம்மா மட்டும் வரும்போதெல்லாம், "புருஷன் ஒரு நாட்டுல, பொண்டாட்டி ஒரு நாட்டுல, என்ன குடும்பம் லா இது" என்று ஆரம்பித்துவிடுகிறார். ரசம் அவர் வைத்தது என்பதால் தலையாட்டிவிட்டு இன்னொரு கரண்டி ஊற்றிக்கொள்கிறேன்.

சரி, நடந்ததற்கு வருகிறேன். போன மாதம் அந்தச் சரக்கு ரயில் நிறுவனத்தாருக்கு வீடியோவில் உன் புரோகிராமை ஓட்டிக் காட்டினாய். எந்தப் பெட்டியை எந்த இன்ஜினில் கோத்து எப்போது அனுப்புவது என்று செயற்கை நுண்ணறிவே திட்டம் போட்டது. எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கடைசியில் கிள்ளான் துறைமுகத்துக் கன்டெய்னர்களை ஈப்போவுக்கு அனுப்ப அது தேர்ந்தெடுத்தது எதை? தைப்பூச இரவை! பத்துமலைக் கோயிலுக்கு விடிய விடிய சிறப்பு ரயில்கள் ஓடும் இரவில் தலைநகரைத் தாண்டி ஒரு சரக்கு ரயில்! வழக்கமான அட்டவணையைத்தான் அதற்குக் கொடுத்திருந்தாய், சிறப்பு ரயில்களைப் பற்றி அதற்கு என்ன தெரியும், பாவம். ஆனால் வருடா வருடம் பக்கத்து வீட்டாரோடு தண்ணீர்ப் பந்தலில் நின்று ரோஸ் சிரப் கலக்கியவள் நீ, உனக்குமா மறந்துபோனது? அந்த அறையே சிரித்தது என்றாய், லேப்டாப்பை மூடிவிட்டேன் என்றாய். கேட்டபோது எனக்கும் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். அன்றிலிருந்து நீ சரியாகத் தூங்கவில்லை என்று தெரிந்த பிறகு எனக்குச் சிரிப்பு போய்விட்டது.

நேற்று ஒரு பெண் நம் வீட்டு மணியை அடித்தாள். லோகேஸ்வரி. அந்த நிறுவனத்தில் ரயில்களுக்கு நேரம் ஒதுக்கும் அதிகாரி. அன்று முதலில் சிரித்தவளும் அவள்தானாம். அவளுடைய மின்னஞ்சல் எதற்கும் நீ பதில் போடவில்லை என்று, நீ கொடுத்திருந்த உள்ளூர் முகவரியைப் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறாள். "சாரி அண்ணே, நான் சிரிச்சிருக்கக் கூடாது லா. ஆனா தைப்பூசத்தை விட்டுட்டுப் பார்த்தா அந்தப் பிளான் செம பிளான். போன வாரம் அக்கா போட்ட மாதிரியே ஓட்டிப் பார்த்தோம், காலிப் பெட்டியா திரும்பி வர்றது பாதியா குறைஞ்சிடுச்சு. சிறப்பு ரயில் லிஸ்ட்டெல்லாம் நான் தரேன். அக்கா படிப்பை நிறுத்தப் போறாங்கன்னு அவங்க புரொபசர் சொன்னாரு. வேணாம்னு நீங்க சொல்லுங்கண்ணே" என்றாள். நான் போட்ட கேவலமான காப்பியையும் மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டுப் போனாள்.

அவள் போன பிறகு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இதை உன்னிடம் சொல்லாமல் விட்டால் நீ வந்துவிடுவாய். வேறு எதுவும் செய்ய வேண்டாம், சும்மா இருந்தாலே போதும். அந்த நினைப்பு வந்தது, வலேரி. நன்றாகவே வந்தது. கட்டிலில் உன் பக்கம் துவைத்த துணிகளை மடிக்காமல் குவித்து வைத்திருக்கிறேன். சோம்பேறித்தனம் என்று அம்மா திட்டுகிறார். அந்த இடம் காலியாகக் கிடந்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை, அவரிடம் அதை எப்படிச் சொல்வது?

ஆனால் தோற்றுவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு நீ என் எதிரே உட்கார்ந்து சோற்றைப் பிசைவதைப் பார்க்க என்னால் ஆகாது. நீ தோற்கவும் இல்லை. உன் திட்டப்படி ஒரு ரயில் ஓடியே விட்டது.

ஆகையால் என் பதில் இதுதான். வா என்று சொல்ல மாட்டேன். கோபித்துக்கொள், திட்டு, பரவாயில்லை. லோகேஸ்வரிக்கு இன்றே பதில் எழுது. தைப்பூசம், தீபாவளி, சீனப் பெருநாள் எல்லாவற்றையும் உன் புரோகிராமுக்குச் சொல்லிக்கொடு. ஆய்வேட்டை முடித்து, தேர்வுக் குழுவினர் முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்து பேசு. பிறகு டிக்கெட் எடு.

வேளாவேளைக்குச் சாப்பிடு. தலையைத் துவட்டாமல் குளிரில் வெளியே போகாதே. அந்தோனியார் உனக்குத் துணையிருப்பார்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். வெள்ளிக்கிழமை கேட்டதை இன்னொரு தடவை என்னிடம் கேட்காதே. மறுபடியும் இப்படிச் சொல்ல எனக்குத் தெம்பு கிடையாது.

உன்
மார்வின்