வாப்பாவின் நாற்பது வருடத் தும்மல்

கோட்டாறு
9-4-2021

அன்புள்ள மகள் சுல்ஃபியாவுக்கு உம்மா ஸலாம் சொல்லி எழுதுவது. அல்லாஹ்வின் கிருபையால் நானும் வாப்பாவும் சுகம், லீட்ஸ் குளிரில் நீயும் சுகமாக இருக்க வேண்டும். நாற்பது வருடம் ஜலதோஷத்தில் கழித்த மனிதருக்குப் புதிய கொரோனா வராமல் இருக்குமா? எனக்கு விடை தெரியவில்லை. இருபத்திரண்டு வருடம் கல்லூரியில் விலங்கியல் நடத்தியவள் இப்படி எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனால் இந்தக் கேள்வி நம் வீட்டுக்குள் வந்ததே உன்னால்தான்.

குடும்பக் குரூப்பில் ஒரு கட்டுரை அனுப்பினாயே, சாதாரண ஜலதோஷம் தரும் கொரோனா வகைகள் நான்கு உண்டு, அவை வந்துபோனவர்களின் ரத்தத்தில் இருக்கும் எதிர்ப்பொருள்கள் புதியதையும் ஓரளவு அடையாளம் காணலாம் என்று. அதில் ‘ஓரளவு’, ‘காணலாம்’, ‘இன்னும் உறுதியாகவில்லை’ எல்லாம் இருந்தன. வாப்பா அவற்றை விட்டுவிட்டு மீதியைப் படித்தார். அன்றிலிருந்து தடுப்பூசி வேண்டாம் என்கிறார். “எனக்க ஆண்டிபாடி நாப்பது வருசமா ஊறிக் கெடக்கு, மாங்கா ஊறுனது மாதிரி. அரசாங்கத்துக்க ஊசி வேற எதுக்குட்டி?” என்று கேட்கிறார். அண்ணனைத் தெரிந்த காவல்காரன் தம்பியையும் ஜாடையில் கண்டுகொள்வான், ஆனால் வாசலில் நிறுத்துவானா என்பது வேறு விஷயம், போதாததற்கு ஜலதோஷத்தில் பெரும்பாலானவை கொரோனா வகையே இல்லை என்று விளக்கினேன். “காவக்காரன் உண்டா இல்லியா, அத மட்டும் சொல்லு” என்றார். இருக்கலாம் என்றேன். “அப்போ போதும்” என்று சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குப் போய்விட்டார்.

உண்மையில் அது ஜலதோஷமே இல்லை மகளே. வத்தல் மிளகாய் மொத்த வியாபாரம் பார்க்கிறவர் சாக்கைப் பிரித்தால் தும்மாமல் என்ன செய்வார்? போன வருடம் ஊரடங்கில் கடை பூட்டிக் கிடந்த நாட்களில் ஒரு தடவைகூடத் தும்மவில்லை, அதையும் சொன்னேன். “அப்போ ஆண்டிபாடிக்கும் லீவு” என்றார். இதை நம்ப ஓர் ஆளும் கிடைத்திருக்கிறார், பக்கத்தில் பாத்திரக் கடை வைத்திருக்கும் ஜக்கரியா, வாப்பாவைக் கூடப்பிறந்த அண்ணன் மாதிரி ‘காக்கா’ என்று கூப்பிடுகிறவர். வாப்பாவிடமிருந்து ஜலதோஷம் பிடித்துக்கொள்ள வேண்டும் என்றே தினமும் காலையில் நம் கடையில் வந்து உட்கார்ந்தார். மூன்றாம் நாள் வீட்டு வாசலில் நின்று, “மைனி, எனக்கும் பிடிச்சாச்சு, பாத்தியளா” என்று சந்தோஷமாகத் தும்மிக் காட்டினார். சட்டையெல்லாம் மிளகாய்ப்பொடி.

நான் இதையெல்லாம் சிரிப்பாக எழுதுகிறேனே தவிர எனக்குப் பயமாக இருக்கிறது. வாப்பாவுக்குச் சர்க்கரை இருநூற்றறுபதில் நிற்கிறது. தேங்காப்பட்டணத்திலிருந்து கடைக்கு வருவாரே ஒருவர், அவருக்கும் இதே வயது, இதே சர்க்கரை, பதிமூன்று நாள் ஆக்சிஜனில் கிடந்து போன மாதம் மவுத்தாகிவிட்டார். அடக்கத்துக்குக்கூடப் போக முடியாமல் வாப்பா இரண்டு நாள் கடை திறக்கவில்லை. மூன்றாம் நாள், அவருக்குத் தும்மல் பழக்கமே கிடையாது என்று கண்டுபிடித்தார். நாளைக்கு நம் தெருப் பள்ளிக்கூடத்தில் ஊசி முகாம். எனக்கு அங்கே பெயர் எழுதும் வேலை. அடுத்த வாரம் நோன்பு தொடங்கினால் அவருக்கு இன்னொரு காரணம் கிடைத்துவிடும். உன்னிடம் போனில் சொல்லலாமென்றால் ஸ்பீக்கரில் போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். என் கையெழுத்து அவருக்குப் புரியாது, அதனால்தான் கடிதம். உனக்கு அனுப்பும் சீடைப் பார்சலோடு இது உன் கைக்கு வருவதற்குள் முகாம் முடிந்திருக்கும், இருந்தாலும் யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது.

படிப்பிலும் உடம்பிலும் அல்லாஹ் உனக்குப் பரக்கத் செய்வானாக. ஈரத் தலையோடு வெளியே போகாதே. அதற்கும் ஜலதோஷத்துக்கும் தொடர்பில்லை என்று எனக்குத் தெரியும், ஆனாலும் போகாதே.

உன் உம்மா
ரஸீனா

10-4-2021, சாயங்காலம்

கவரை ஒட்டாதது நல்லதாயிற்று. இன்று காலை எட்டு மணிக்கே ஜக்கரியா முகாம் வரிசையில் நின்றார், அவர் மனைவி விட்ட விரட்டு. சேதி போனதும் வாப்பா சாக்குத் தூசியோடு ஓடிவந்து அவர் கையைப் பிடித்து இழுத்தார். “ஏலே, நீ நம்ம ஆளில்லியா, வெளிய வாலே” என்று இவர். “காக்கா, உங்களுக்கு நாப்பது வருசம் உண்டு, எனக்கு ஒரு மாசந்தானே ஆவுது” என்று அவர். சண்டை போட்டுக்கொண்டே இருவரும் வரிசையோடு நகர்ந்து மேசைக்கு முன்னால் வந்துவிட்டார்கள். அங்கே வாப்பா தும்மினார். நர்ஸ் ஜெனிலா நிமிர்ந்து பார்த்து, “ஜலதோஷம் உள்ளவங்களுக்கு இன்னைக்கு ஊசி கெடையாது, ரெண்டு வாரம் கழிச்சு வாங்க” என்றாள். அவர் விரும்பியதும் அதுதானே, போயிருக்கலாம். ஆனால் தெருவே பார்த்திருக்க ஒரு சின்னப் பெண் போகச் சொல்லிவிட்டாள், பின்னால் நின்றவர்கள் வேறு நாலடி விலகிவிட்டார்கள். “யாருக்கு மக்களே ஜலதோஷம்? இது வத்தத் தூசி. எனக்குச் சளி பிடிச்சு வருசம் பத்தாச்சு. படிச்சவ இருக்காளே, அவட்ட கேளு” என்று என்னைக் கைகாட்டினார். ஜெனிலா காய்ச்சல் பார்த்தாள், இல்லை. என்னைப் பார்த்தாள். படிவத்தில் ‘ஜலதோஷம்’ என்ற இடத்துக்கு நேரே ‘இல்லை’ என்று எழுதி அவர் பக்கம் நகர்த்தினேன். வாப்பா இரண்டு தடவை தும்மிவிட்டு அதன் கீழே கையெழுத்துப் போட்டார். ஜெனிலா ஊசி போட்டுவிட்டாள்.