மதினிக்கும் சேர்த்து உலை

நாகமலை புதுக்கோட்டை
4.3.2025

அன்புள்ள முனீஸ்வரி மதினிக்கு,

ஆன்சி எழுதுகிறேன். இங்கே உங்கள் தம்பியும் ஜோவும் நானும் நலம். சிவனாண்டி அண்ணனுக்குக் கால் வீக்கம் வடிந்ததா? இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிக்காதீர்கள். பொங்கலன்று நாம் இருவரும் போனில் பேசிய பேச்சு போதும். எழுதினால் நடுவில் மூச்சாவது விடலாம்.

வருகிற 23ஆம் தேதி, ஞாயிறு சாயங்காலம், ஜோவுக்கு ஐந்தாவது பிறந்தநாள் விழா வைத்திருக்கிறோம். வகுப்புப் பிள்ளைகளைக் கூப்பிட்டிருக்கிறோம். பிள்ளையை விட்டுவிட்டுப் பெற்றோர் போவார்களா, கூடவே இருப்பார்களா என்று ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. போய்விட்டால் கேக், சிப்ஸ், மினி இட்லியோடு முடிந்தது. இருந்தால் அப்பா, அம்மா, இடுப்பில் ஒரு கைக்குழந்தை, துணைக்கு ஒரு சித்தி என்று நிற்பார்கள். அவர்கள் கையில் ஒரு துண்டு கேக்கை வைத்து அனுப்பினால் ஊர் சிரிக்கும். டிபனா, சிக்கன் பிரியாணியா? எத்தனையோ கல்யாணப் பந்தியில் நின்றவர் நீங்கள். சொல்லுங்கள்.

இன்னொன்றும் கேட்டுவிடுகிறேன். எங்களுக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம். எங்கள் வீட்டில் நீங்கள் ஒரு வாய் சோறு சாப்பிட்டதில்லை. வந்தால் "இப்பத்தான் சாப்பிட்டு வாரேன்" என்பீர்கள், இல்லையென்றால் விரதம் என்பீர்கள். எனக்கு அது மனசில் கிடக்கிறது. இந்தத் தடவை சாப்பிட வேண்டும். உங்களையும் சேர்த்துத்தான் உலை வைக்கிறேன்.

அன்புடன்,
ஆன்சி

மேலூர்
8.3.2025

அன்புள்ள ஆன்சிக்கு,

கடிதம் கிடைத்தது. என் வீட்டுக்காரருக்குக் கால் தேவலை, வாய்தான் வடியவில்லை.

பெரியவர்கள் இருக்கத்தான் செய்வார்கள். ஐந்து வயசுப் பிள்ளையை அறியாத வீட்டில் விட்டுவிட்டு எவள் போவாள்? இலை போட்டுச் சோறு போடு. பிரியாணி என்றால் தயிர்வெங்காயம் தாராளமாக இருக்கட்டும். காரத்தைக் குறைத்துப் பிள்ளைகளுக்கு ஒரு சட்டி தனியாக எடுத்து வை.

சரி, நானும் ஒன்று கேட்கிறேன். பிறந்தநாள் வியாழக்கிழமையே வந்துவிடுகிறதே, அதை ஏன் ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளினீர்கள்? கேக்கில் என்ன பெயர் எழுதப்போகிறாய்? பள்ளிக்கூடத்தில் முத்துக்குமரன் என்று சேர்த்த பிள்ளை, உன் கடிதம் முழுக்க ஜோவாகவே இருக்கிறான்.

எங்கள் ஊரில் பங்குனிப் பொங்கலுக்குச் சாமி கும்பிடுகிறோம். நாங்கள் கையில் காப்புக் கட்டியிருப்போம். கறி ஆகாது, வெளியில் கை நனைக்கவும் கூடாது. வந்து பிள்ளையைப் பார்த்துவிட்டுப் போகிறேன். தப்பாக எடுத்துக்கொள்ளாதே.

இப்படிக்கு,
முனீஸ்வரி

நாகமலை புதுக்கோட்டை
11.3.2025

அன்புள்ள மதினிக்கு,

வியாழக்கிழமை பள்ளிக்கூடம், எனக்கும் ஆபீஸ். ஞாயிறு என்றால்தான் எல்லாரும் வருவார்கள். வேறு ரகசியமில்லை. கேக்கில் "ஜோ முத்துக்குமரன்" என்று முழுசாக எழுதச் சொல்லியிருக்கிறேன். இடம் போதாது என்று கடைக்காரர் முனகினார். பெரிய கேக்காகவே போடுங்கள் என்றுவிட்டேன்.

நீங்கள் காப்புக் கட்டியிருப்பீர்கள் என்று படித்ததும் கறியே வேண்டாமென்று முடிவு செய்துவிட்டேன். வெஜிடபிள் பிரியாணி, தயிர்வெங்காயம், காலிஃபிளவர் வறுவல், பிள்ளைகளுக்கு மினி இட்லி, கடைசியில் பால் பாயசம். எங்கள் வீட்டுச் சட்டி ஒன்றுகூடப் பந்திக்கு வராது. கறி படாத புது அண்டாவாகப் பார்த்து வாடகைக்குச் சொல்லியிருக்கிறோம். சமைக்கிறவர் உக்கிரபாண்டி அண்ணன், உங்கள் பக்கத்துக்காரர்தான். எங்கள் அம்மாவுக்குத்தான் ஆற்றாமை. "பேரன் பிறந்தநாளு, அதுவும் ஞாயித்துக்கிழமை, கறி இல்லாத பந்தியா?" என்று இரண்டு நாளாகப் புலம்புகிறார்கள்.

காப்புக் கட்டியவர் கை நனைக்கக் கூடாது என்றால், உங்கள் கையாலேயே தாளித்துச் சாப்பிடுங்கள். அடுப்பு தருகிறேன். இதற்கு மேல் நான் என்ன செய்ய?

அன்புடன்,
ஆன்சி

மேலூர்
15.3.2025

ஆன்சிக்கு,

கறி இல்லை என்று படித்ததும் எனக்குத் திக்கென்றது. பக்கத்து வீட்டு ஐரின் டீச்சரிடம் விசாரித்தேன். உங்களுக்கு இப்போது தவக்காலமாம், நிறையப் பேர் கறி எடுக்க மாட்டார்களாம். அப்படியானால் எனக்காகக் கறியை நிறுத்தியதாக நீ எழுதியது எந்தக் கணக்கு?

என் தம்பி பாண்டி என் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் உளறிவிட்டான். எண்பது பேருக்குச் சமையலாம். பிள்ளைக்கு வெள்ளைச் சட்டை, வெள்ளை பேண்ட்டாம். இருபது பிள்ளைகள் வருகிற வீட்டில் எண்பது பேருக்கு என்ன வேலை? பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா ஆத்தா? பிறந்தநாள் என்று பெயர் வைத்து அன்றைக்குப் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்கப்போகிறீர்கள். பந்தியில் உட்கார்ந்து நானும் சாப்பிட்டுவிட்டால், அத்தைக்காரியே சம்மதித்தாள் என்று ஆகிவிடும். அதுதானே திட்டம்?

எங்கள் குலசாமி கோயிலில் என் மடியில் உட்கார வைத்து மொட்டை போட்ட பிள்ளை அவன். சொல்லிவிட்டுச் செய்தால் சண்டை போட்டாவது தீர்த்துக்கொள்வேன். ஒளித்துச் செய்தால் என் வாசல் உனக்கில்லை.

முனீஸ்வரி

நாகமலை புதுக்கோட்டை
18.3.2025

மதினிக்கு,

மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன்.

தவக்காலத்தில் எங்கள் பங்குக் கோயிலில் பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்கிற வழக்கமே இல்லை. அதையும் அந்த ஐரின் டீச்சரிடமே கேட்டிருக்கலாம். தவக்காலமானாலும் ஞாயிற்றுக்கிழமை எங்கள் அம்மா வீட்டில் கோழிதான். வெள்ளைச் சட்டை உங்கள் தம்பி தள்ளுபடியில் வாங்கியது. கேக் வெட்டி முடிப்பதற்குள் அது வெள்ளையாக இருக்காது. பெற்றோர் இருப்பார்கள் என்று நீங்கள் சொன்னதால்தான் எண்பது பேருக்குச் சொன்னோம்.

இப்போது என் கேள்வி. நேற்று சிவனாண்டி அண்ணன் போன் செய்தார். காப்புக் கட்டு எப்போது என்று பேச்சுவாக்கில் கேட்டேன். "25ஆம் தேதி, செவ்வாக்கெழமைம்மா" என்றார். ஜோ பிறந்தநாள் பந்தி 23ஆம் தேதி. கட்டாத காப்புக்காகவா நான் எங்கள் அம்மாவிடம் சண்டை போட்டுக் கறியை நிறுத்தினேன்?

என் கை பட்டதைச் சாப்பிட உங்களுக்கு அருவருப்பு. அதை ஒருநாளாவது நேராகச் சொல்லியிருக்கலாம். ஆறு வருஷமாக நீங்கள் போன பிறகு, உங்களுக்கென்று எடுத்து வைத்த குழம்பை நானே ஊற்றிச் சாப்பிட்டிருக்கிறேன். அழுதுகொண்டே சாப்பிட்ட நாளும் உண்டு.

ஞாயிற்றுக்கிழமை வந்தால் உட்கார்ந்து சாப்பிடுங்கள். வேவு பார்க்க வருவதென்றால் வராதீர்கள். அத்தை எங்கே என்று பிள்ளை கேட்டால் நான் ஏதாவது சொல்லிக்கொள்கிறேன்.

ஆன்சி

மேலூர்
24.3.2025

அன்புள்ள ஆன்சிக்கு,

நேற்று உன்னிடம் ஒரு வார்த்தை பேசாமல் பஸ் ஏறிவிட்டேன். பேசினால் அழுகை வந்துவிடும் போல இருந்தது, அந்தக் கூட்டத்தில் எனக்கு அது தேவையா?

காப்பு விஷயத்தில் நான் சொன்னது பொய்தான். நேற்று வந்ததும் வேவு பார்க்கத்தான். சர்ச்சிலிருந்து சாமியார் யாராவது வருகிறாரா என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். வந்ததெல்லாம் பலூன்காரன் ஒருத்தன். அடுப்படிக்குள் போய் அண்டாவைத் திறந்து மோந்து பார்த்தேன். உன் அம்மா பார்த்துவிட்டார்கள். "காரம் போதுமான்னு பாருங்க சம்பந்தி" என்று கரண்டியைக் கையில் கொடுத்தார்கள். நான் சப்பாணி மாதிரி நின்றேன்.

உன் மகன் கையைப் பிடித்து இழுத்ததால்தான் பந்தியில் உட்கார்ந்தேன். உட்கார்ந்தேனே தவிர, சோற்றை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ஒரு பிள்ளையின் அம்மா, பச்சைப் பட்டு கட்டியவள், அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மெதுவாக என் காதுப்பக்கம் வந்தாள். "அக்கா, நீங்களும் சாப்பிடலையா? அதான் நல்லது. வேதக்காரவுக வீடு, என்னென்ன கறி வெச்ச சட்டியோ என்னமோ. நான் பிள்ளைய கேக்கோட நிறுத்திட்டேன்."

ஆன்சி, அவள் பேசியது என் பேச்சு. ஆறு வருஷமாக என் வயிற்றுக்குள் கிடந்ததைத்தான் எடுத்து என் காதில் ஓதினாள். ஆனால் அவள் வாயில் கேட்டதும் எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. என்னைப் பார்த்ததும் தன் கூட்டாளி என்று அவளுக்கு எப்படித் தோன்றியது? என் இலையைப் பார்த்துத்தானே? வெட்கமாகப் போய்விட்டது.

"யார் வீட்டப் பேசுறீக? இது என் தம்பி பொண்டாட்டி வீடு. இஷ்டமிருந்தாச் சாப்பிடுங்க, இல்லையின்னா எடத்தக் காலி பண்ணுங்க, பசிச்ச ஆளு உக்காரட்டும்" என்றேன். அப்புறம்தான் "ஆன்சி, இங்கிட்டு இன்னும் கொஞ்சம் பிரியாணி கொண்டா" என்று கத்தினேன். நான் உன்னோடு சண்டைக்கு நிற்கிறேன் என்று நினைத்து வெளுத்த முகத்தோடு ஓடி வந்தாய். அந்த முகம் எனக்கு ராத்திரி தூக்கத்தைக் கெடுத்துவிட்டது. உன்னை அப்படிப் பயப்பட வைத்தவள் நான்தான்.

மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டேன். பிரியாணியில் உப்பு ஒரு கல் குறைவு. பாயசத்தைக் குறை சொல்ல முடியாது.

நாளைக்குக் காப்புக் கட்டுகிறோம், இது நிஜக் காப்பு. அவிழ்த்த பிறகு வருகிற ஞாயிற்றுக்கிழமை கறி எடுக்கிறோம். பாண்டியையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு காலையிலேயே வந்துவிடு. என் அடுப்பில் நீ குழம்பு வை. பெரியப்பன் வீட்டு ஆட்களையும் கூப்பிட்டிருக்கிறேன். சாப்பிட மாட்டேன் என்கிறவர்களை நான் பார்த்துக்கொள்கிறேன்.

ஞானஸ்நான விஷயத்தில் உன்மேல் எனக்கு இன்னும் சந்தேகம்தான், மறைக்க மாட்டேன். என்றைக்காவது அப்படி முடிவெடுத்தால் முதலில் எனக்குச் சொல். சண்டை போடுவேன், பேசாமல்கூட இருப்பேன். ஆனால் அன்றைக்குப் பந்தியில் எனக்கும் ஓர் இலை போட்டுவை. அழுதுகொண்டாவது வந்து சாப்பிடுவேன்.

உன் மதினி,
முனீஸ்வரி