நம் மலையைப் பெண் பார்க்க வந்தவர்கள்

அன்பு மகள் இவாலுவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நான் நலம், பதினோரு நாய்களும் நலம், அப்பாவின் முழங்கால் மட்டும் அதன் இஷ்டத்துக்கு இருக்கிறது. டென்மார்க்கில் நீ வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்பி இதை எழுதுகிறேன். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீ குறுக்கே பேசுவாய், நான் சொல்ல வந்ததை விட்டுவிட்டு அழுவேன். காகிதம் குறுக்கே பேசாது.

போன மாதம் நம் மலையைப் பெண் பார்க்க ஆள் வந்தார்கள். ஊருக்குப் பின்னால் இருக்கிற அந்த மொட்டை மலையைத்தான் சொல்கிறேன், நீ சின்ன வயதில் சறுக்கி விழுந்து பல்லை உடைத்துக்கொண்டாயே, அதே மலை. ஹெலிகாப்டரில் இரண்டு பேர் வந்து இறங்கினார்கள். ஒருவர் சுரங்கக் கம்பெனி அதிகாரி வெண்டல். மற்றவர் எந்த நாட்டுப் பட்டாளத்திலோ இருந்து ஓய்வு பெற்று இப்போது கம்பெனிக்கு ஆலோசனை சொல்கிறவர். ஊரில் அறுபத்து மூன்று பேருக்கும் தொப்பி கொண்டுவந்தார்கள். தொப்பியில் நம் ஊர்ப் பெயர் அச்சடித்திருந்தது, ஓர் எழுத்து குறைந்திருந்தது. அந்த எழுத்து இல்லாமல் வாசித்தால் என்ன அர்த்தம் வரும் என்று நீயே வாசித்துப் பார், தனியாக இருக்கும்போது வாசி. அப்பா அதைப் போட்டுக்கொண்டுதான் மூன்று நாள் மீன் பிடித்தார்.

ஒரு மணி நேரம் பேசிவிட்டுப் போவதாக வந்தவர்களைப் பனிப்புயல் நான்கு நாள் பிடித்து வைத்துக்கொண்டது. ஓட்டல் ஏது இங்கே. பட்டாளத்துக்காரர் ஆசிரியை தபிதா வீட்டில், வெண்டல் நம் வீட்டில், உன் அறையில், உன் கட்டிலில். உன் போர்வையைத் தரவில்லை, பயப்படாதே. சீல் கறி சூப்பை வைத்தால் அதை விஷம் மாதிரி பார்த்தார், இரண்டாம் நாள் பசி வந்ததும் மூன்று கிண்ணம் குடித்தார். நம் மலைக்குள் இருக்கிற உலோகம் இல்லாவிட்டால் உலகத்தில் கைப்பேசியும் ஓடாது ஏவுகணையும் பறக்காது, இதைவிட முக்கியமான இடம் பூமியில் இல்லை என்று மேசையைத் தட்டித் தட்டிச் சொன்னார். அவர் முடிக்கட்டும் என்று காத்திருந்த உன் அப்பா, “ரொம்ப சந்தோசம்யா. இன்னிக்கு கக்கூஸ் வாளி தூக்கிக் கொட்டுறது உங்க முறை” என்று கையில் கொடுத்துவிட்டார். உலகத்திலேயே முக்கியமான இடத்தில் கக்கூஸுக்குத் தண்ணீர் வராது என்பது அந்த மனிதருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. ஆனாலும் முகம் சுளிக்காமல் காற்றில் தள்ளாடிக்கொண்டு போய்க் கொட்டிவிட்டு வந்தார். ஆள் கெட்டவர் இல்லை இவாலு, அதுதான் பெரிய தொல்லை.

அங்கே பட்டாளத்துக்காரர் தபிதா வீட்டு ஜன்னலில் நின்று, இந்த மலை யார் கையில் இருக்கிறதோ அவர்கள் இந்தத் துருவக் கடலில் போகிற ஒவ்வொரு கப்பலையும் பார்க்கலாம் என்றாராம். தபிதா சும்மா இருப்பாளா, “எங்க நாயும் தினம் அங்கதான் உக்காந்து எல்லா கப்பலையும் பாக்குது, அதுக்கு இதுவரைக்கும் யாரும் சம்பளம் குடுக்கலியே” என்றிருக்கிறாள். அவர் அதையும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாராம்.

நான்காம் நாள் பள்ளிக்கூடத்தில் கூட்டம். சுரங்கம் வரலாமா என்று நம் ஊர்க் குழுவின் கருத்தை அரசு கேட்டிருந்தது. குழுவில் இருக்கிற நாங்கள் ஐந்து பேரும் முன் வரிசையில் உட்கார்ந்தோம். வெண்டல் சுவரில் ஒரு வரைபடம் மாட்டினார். அதில் மலை இருந்தது, துறைமுகம் இருந்தது, விமான ஓடுதளம்கூட இருந்தது, நம் ஊர் மட்டும் இல்லை. சரி, சின்ன ஊர், கைமறதி என்று நினைத்தேன். ஆனால் மேலே இருக்கிற ஏரிக்கு ஒரு எண் போட்டு, சுரங்கக் கழிவு சேரும் இடம் என்று எழுதியிருந்தது. நான் எழுந்து, “ஐயா, அது நாங்க குடிக்கிற தண்ணியாச்சே” என்றேன். அவர் தாழ்ந்த குரலில், அதற்குள் நீங்கள் எல்லோரும் நகரத்தில் புது அடுக்குமாடி வீட்டில் இருப்பீர்கள் என்றார். வரைபடத்தில் ஊர் ஏன் இல்லை என்பது அப்போதுதான் எல்லோருக்கும் விளங்கியது. நான் பிறந்த ஊரை அரசு மூடி எல்லோரையும் வேறு ஊருக்குக் குடிமாற்றியபோது எனக்கு ஆறு வயது. அன்றைக்கும் இப்படித்தான், நல்ல குரலில், உங்கள் நன்மைக்கு என்றுதான் சொன்னார்கள்.

இனிமேல்தான் உனக்கு நான் சொல்ல வேண்டியது. அன்று காலை வெண்டல் சுவரில் உன் படத்தைப் பார்த்து யார் என்று கேட்டார். பாறைகளைப் பற்றிப் படிக்கிற பெண் என்று உன் அப்பா பெருமையாகச் சொல்லிவிட்டார். உடனே வெண்டல் மடிக்கணினியைத் திறந்து உன் பெயருக்கு ஒரு வேலைக் கடிதம் தயார் செய்து, பள்ளிக்கூடத்தில் அச்செடுத்து, கையெழுத்துப் போட்டு என் கையில் கொடுத்தார். படிப்பு முடிந்ததும் இங்கேயே வேலை. உள்ளூரில் ஒரு வேலை இருந்தால் நாளைக்கே வந்துவிடுவேன் என்று கிறிஸ்துமஸுக்கு நீ எழுதியதை நான் அப்பாவுக்கு எத்தனை முறை வாசித்துக் காட்டியிருக்கிறேன். கூட்டத்துக்குக் கிளம்பும்போது உன் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு, “அமாலியே, பொண்ணு வரட்டும்டி. மலை போனா போகட்டும்” என்றார். அந்த ஆள் என்னிடம் கெஞ்சியது கல்யாணத்துக்குப் பிறகு இதுதான் முதல் தடவை.

இரண்டு பேர் வேண்டும் என்றார்கள், இரண்டு பேர் வேண்டாம் என்றார்கள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். உன் வேலைக் கடிதம் என் பைக்குள் இருந்தது. நான் வேண்டாம் என்று கை தூக்கினேன்.

அப்பா நாய்களைச் சறுக்குவண்டியில் பூட்டிக்கொண்டு உறைந்த கடல்மேல் போய்விட்டார், இரண்டு நாள் கழித்துத்தான் வந்தார். எங்கள் கருத்தை நகரத்துக்கு அனுப்பியாகிவிட்டது, பெற்றுக்கொண்டோம் என்று பதிலும் வந்துவிட்டது. பெற்றுக்கொண்டதை எந்த இழுப்பறையில் வைத்தார்கள் என்று மட்டும் எழுதவில்லை. தோண்டுகிறவன் தோண்டுவான், எனக்குத் தெரியாதா. ஆனால் அம்மா சரி என்று சொல்லித் தோண்டினான் என்று நாளைக்கு யாரும் உன்னிடம் சொல்ல முடியாது. அந்த வேலைக் கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். எரிக்க அடுப்பு வரைக்கும் போனேன், உன் பெயர் இருந்ததால் கை வரவில்லை. உன் பெயர், உன் படிப்பு, நீயே முடிவு செய். என்மேல் கோபம் வந்தால் கோபமாகவே எழுது, எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

காலுக்கு ஈரமான சாக்ஸ் போடாதே. பல் வலியைத் தள்ளிப்போடாதே, அங்கே பல் மருத்துவர் ஹெலிகாப்டரில் வர வேண்டியதில்லை. கடவுள் உன் கூடவே நடக்கட்டும், நீ மிதிக்கிற பனி உடையாத கனத்தில் இருக்கட்டும்.

என்றும் உன் நினைவில்,
அம்மா அமாலியே

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது அப்பா வந்து பின்னால் நின்றார். ஏதாவது எழுதணுமா என்று கேட்டேன். “கோடைக்கு வரச் சொல்லு. வேலைக்கு இல்ல, சும்மா” என்றார்.